வடியாத தண்ணீர்

செசபீக் விரிகுடாவின் ஒரு மீன்பிடித் தீவில் அந்த அக்டோபர் காலையில் காற்றே இல்லை. கடல் இரண்டடி கூடுதலாக ஏறும், மதியத்துக்குள் வடிந்துவிடும் என்று வானொலி சொன்னது.

கரையோரத் தெருவில் ஏறிய முழங்கால் தண்ணீரில் நின்றபடி பர்னெலும் அவன் தங்கை புருஷன் ஆஸ்பரியும் சண்டை போட்டார்கள்.

"என் நண்டுக் கூண்டுக் கயித்த அறுத்தது நீதானே?" என்றான் பர்னெல்.

"ஒழுங்கா முடிச்சுப் போடத் தெரியாதவன் பேச்சப் பாரு, மச்சான்!"

பர்னெல் கையிலிருந்த துடுப்பால் அவன் மண்டையில் ஓங்கி அடித்தான். விழுந்தவனைக் கடல் இழுத்துக்கொண்டு போனது.

மதியம் தெருவெல்லாம் வடிந்து சேறு தெரிந்தது. பர்னெல் வீட்டுக்குள் மட்டும் முழங்கால் தண்ணீர் நின்றது. கதவு திறந்திருந்தும் ஒரு சொட்டு வெளியேறவில்லை. அது வடிய வழி செய்ய உள்ளே இறங்கிக் கோடரியால் தரையைப் பிளந்தான், சுவரைப் பிளந்தான். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. வெளியே வரப் பார்த்தான். அவனையும் அது விடவில்லை.

தங்கை லெட்டி வந்து காய்ந்த வாசற்படியில் நின்றாள். "அண்ணே, அவரப் பாத்தியா?"

"இல்லம்மா."

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. லெட்டி அதையே பார்த்தாள்.

"நான்தான்டி அடிச்சேன்! கையக் குடு!" என்று அலறினான்.

அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். கதவின் கீழ் இடுக்கில் ஒரு துளிகூடக் கசியவில்லை.