சிவப்பு மை

“கவலையே படாதய்யா. அந்தக் கடுதாசி கோர்ட்டுக்கு வந்துட்டா போதும், நீ நேரா வூட்டுக்குப் போலாம்” என்றார் வக்கீல் நாகபூஷணம்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா உமாபதிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை எதுவென்று முடிவாகாமல் கிடந்த சமயம். சத்தியவேடு பக்கத்துக் கிராமக் கணக்கில் தமிழ்க் குடும்பங்களைக் குறைத்து எழுதிவிட்டான் என்று சித்தூர் கோர்ட்டில் அவன்மேல் வழக்கு. குறைக்கச் சொல்லிக் கடுதாசி எழுதியதே தாசில்தார்தான்.

“பத்திரமா இருக்குதா?”

“கவர்ல போட்டு, அரக்கு வச்சி, ஃபைல்லயே வச்சிக்கினு இருந்தேனுங்க.”

கவர் வந்தது. சர்க்கார் வக்கீல் அதைப் பிரிக்கவிடவில்லை. “மேலே சிவப்பு மையில் ‘பரம ரகசியம்’ என்று எழுதியிருக்கிறது. ராஜாங்க ரகசியத்தைக் கோர்ட்டில் படிக்க முடியாது.”

நாகபூஷணம் துள்ளி எழுந்தார். “அப்படி எழுதி மறைத்தது யார்? தாசில்தார்! அவர் குற்றத்துக்கு அதுவே சாட்சி. எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்!”

“சரி, தாசில்தார், உமாபதி இருவருமே அந்த வார்த்தையை எழுதிக் காட்டட்டும்” என்றார் நீதிபதி.

சாட்சியாக வந்திருந்த தாசில்தார் சிரித்துக்கொண்டே எழுதினார். அடுத்து, பேனா கூண்டுக்கு வந்தது. உமாபதி அதை வாங்காமல் பின்வாங்கினான்.

“எழுதுய்யா, இன்னா பயம்?” என்று வக்கீல் கிசுகிசுத்தார்.

“கவர் மேல இருக்குற சிவப்பு மை என் எழுத்துங்க. யாரும் சொல்லல. தாசில்தார் ஐயா பேரு கெட்டுடக் கூடாதேன்னு நானேதான் எழுதி வச்சேன்.”