மீன் கழுவிய தண்ணீர்

“என்னண்ணை இது! எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்குது?”

கேட்டுவிட்டு றஜீவன் மாடிப்படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். விடிய நாலு மணிக்கு எழும்பி டெலிவரி வான் ஓட்டியவன். முதுகு விண் விண்ணென்று வலித்தது.

லண்டன் கிங்ஸ்பரியில் அந்த வீட்டு மேல் அறையில் இருநூறு கஞ்சாக் கன்றுகள். வெட்டிய கிளையில் வேர் விட்டு, சட்டிக்கு மாறிப் பத்து நாள்தான். அதற்குள் பாதி மஞ்சளாகிவிட்டது.

செபமாலைமுத்து கையில் தண்ணீர் வாளியோடு நின்றார். ஐம்பது தாண்டிய மனிதர். ஏழு வாரமாக வெயிலே படாமல் முகம் வெளிறிப் போயிருந்தது.

“தண்ணியைக் குறையுங்கோ எண்டு போன கிழமையும் சொன்னனான். நீங்கள் குளிப்பாட்டியெல்லோ விட்டிருக்கிறியள்!”

“தாகமா இருக்குமெண்டு நினைச்சன் தம்பி. பெயின்ற் அடிக்கிற வேலை எண்டுதானே கூட்டி வந்தனீர். இது எனக்குப் புதுசு.”

றஜீவன் பெயின்ற் வேலை என்று சொல்லித்தான் கூட்டி வந்தான். வந்த அன்றே, பொஸ் சொன்னபடி, போனையும் குரோய்டன் அகதி அலுவலகக் கடிதத்தையும் பறித்துக்கொண்டு கதவை வெளியே பூட்டினான். மூன்று நாளுக்கு ஒருமுறை சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டு போகிறான். செய்வது பாவம் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் அவனுடைய பெண்சாதி பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று பொஸ்ஸுக்கும் தெரியும்.

“பத்தொன்பதாம் தேதி குரோய்டனில எனக்கு இன்ரவியூ, தம்பி. போகாட்டி கேஸைத் தூக்கி எறிஞ்சிடுவாங்கள். பிறகு நான் எப்ப என்ர பிள்ளையளைக் காணுறது? அந்தக் கடிதத்தைத் தாரும்.”

“கண்டுகளைப் பிழைக்க வையுங்கோ, தாறன். இது செத்துதெண்டால் பொஸ் என்ர தோலை உரிச்சுப்போடுவார்.”

இந்தப் பேச்சைப் பேசிப் பேசியே அவனுக்கு வாய் புளித்துவிட்டது. யூடியூப்பில் பார்த்து வந்து எத்தனை சொல்லிக் கொடுத்தான்! ஒன்றாவது இந்த மனிதரின் மண்டையில் ஏறியதா? மன்னார் ஆள் என்று கேள்விப்பட்டபோதே யோசித்திருக்க வேண்டும். கடலில் வலை வீசுகிறவருக்குச் செடியைப் பற்றி என்ன இழவு தெரியப்போகிறது? எல்லாம் தன் தலைவிதி என்று நெற்றியைத் தேய்த்தான்.

செபமாலைமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“ஒரு வழி இருக்குது தம்பி. எங்கட பக்கம் கறிவேப்பிலைக்கு மீன் கழுவின தண்ணிதான் ஊத்துவினம். பச்சைப் பசேலெண்டு வரும்.”

றஜீவன் நிமிர்ந்தான். அவனுடைய அம்மாவும் சட்டியில் வைத்த கறிவேப்பிலைக்கு அதைத்தான் ஊற்றுவாள். லண்டன் குளிரிலும் அது என்னமாய்த் தழைத்தது! யூடியூப்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

“வெறும் தண்ணி காணாது. தலை, குடல், செதில் எல்லாம் வேணும். நாலைஞ்சு நாள் வாளியில ஊற வைக்கோணும்,” என்றார் செபமாலைமுத்து.

“நாறித் துலைக்குமே அண்ணை?”

“வாளியைப் பின்பக்க ஜன்னலடியில வைச்சு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுறன். நாத்தம் வெளியில போயிடும்.”

அட, அதுவும் நல்லதுதான்! மீன் நாற்றத்தில் கஞ்சா மணம் அடிபட்டுப் போகும். இந்த மனிதருக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது என்று றஜீவன் முதல்முறையாக நினைத்தான். அடுத்த நாளே மீன்கடையில் இரண்டு பை நிறையக் கழிவு வாங்கி வந்தான். “எத்தனை பூனை வளர்க்கிறீர்?” என்று கடைக்காரர் சிரித்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு வாளிகளை ஜன்னலடிக்குத் தூக்கி வைத்ததும் றஜீவன்தான்.

பதினேழாம் தேதி மத்தியானம் அவன் வந்தபோது கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள். ஓடலாமா என்று நினைப்பதற்குள் கையில் விலங்கு விழுந்தது. அவனை அதே மாடிப்படியில் உட்கார வைத்தார்கள். பயத்தை மீறி, அப்பாடா, இனி ஓடத் தேவையில்லை என்று ஒரு ஆறுதலும் வந்தது.

பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மா நாற்றம் தாங்காமல் கவுன்சிலுக்கு மூன்று தரம் போன் அடித்தாராம். பார்க்க வந்த கவுன்சில்காரி ஜன்னல் வழியே செபமாலைமுத்துவின் முகத்தைக் கண்டு பொலிஸைக் கூப்பிட்டிருக்கிறாள்.

பொலிஸ்காரர் றஜீவனின் ஜாக்கெட்டிலிருந்து குரோய்டன் கடிதத்தை எடுத்து உரியவரிடம் கொடுத்தார். செபமாலைமுத்து அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதார்.

மொழிபெயர்க்க வந்திருந்த சயந்தினி அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.

“ஊரில என்ன தொழில் ஐயா? மீன்பிடியோ?”

“இல்லைப் பிள்ளை. நானாட்டானில இருபத்திரண்டு வருசம் விவசாயப் போதனாசிரியர். கமக்காரருக்குப் பயிர் வளர்க்கப் படிப்பிச்சனான்.”

றஜீவனுக்கு வாய் பிளந்துவிட்டது.

“அப்ப... அந்த மீன் தண்ணி?”

செபமாலைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

“அது கண்டுகளுக்கில்லைத் தம்பி. பக்கத்து வீட்டில ஒவ்வொரு நாளும் விடியப் பூசை மணி கேட்கும். மீன் மச்சம் தொடாத சனம் எண்டு எனக்கு விளங்கினது.”