நீ பெரியவரா?

"பெரியவர் போயிட்டாரும்மா. முந்தாநாள் படுத்தவர் எழுந்திரிக்கவே இல்ல" என்றார் சர்வர்காரர். காய்ச்சல் லீவு முடிந்து அப்போதுதான் வந்த புரோகிராமர் பெண் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

"ஒன்பது வருஷம் உழைச்ச உடம்பு. கொஞ்சமாவா உறுமினாரு?" என்று மேனேஜர் உச்சுக்கொட்டிவிட்டுச் சிரித்தார்.

பெரியவர் மனிதரல்ல, மூலையறையில் இருந்த பில்டு சர்வர். ஆளுக்கொரு லேப்டாப்பில் எழுதுவதையெல்லாம் சேர்த்து, சோதித்து, தொழிற்சாலைக்கு அனுப்புகிற புரோகிராமாகக் கட்டித் தருவது அதன் பிழைப்பு.

"அதுக்காகக் கடையை மூடவா முடியும்? கையோட புதுசு வாங்கிப் போட்டாச்சு. நேத்து கட்டின பில்டு ஒரே மூச்சுல பாஸ்! சாயங்காலமே பிரஸ் கம்பெனிக்கு அனுப்பிட்டோம்" என்றார் மேனேஜர்.

அவளுக்கும் பெருமைதான். அந்தக் கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ்ஸை ஓட்டுவது அவள் அண்ணன். பஸ்ஸில் வரும்போதே கூப்பிட்டிருந்தான். "ஏய் வாலு, உன் புரோகிராம் இப்பதான் உருப்பட்டிருக்கு. தொட்டதுக்கெல்லாம் கோவிச்சுக்கிட்டு நிக்கும்ல? காலையிலேர்ந்து ஒரு தடவைகூட நிக்கல!"

"புதுசுக்குப் பேர் வைக்கலையா?" என்று கேட்டாள்.

"வைக்காம இருப்பேனா? பெரியவர் இடத்துக்கு வந்தவர் சின்னவர். மெஷினுக்குள்ளயே அந்தப் பேரைத்தான் போட்டிருக்கேன்" என்றார் சர்வர்காரர்.

பை தரையில் விழுந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் எழுதிய ஒரே ஒரு வரி. லேப்டாப்பில் பிரஸ் ஏது, கையைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஏது? அதனால் ஒவ்வொரு பில்டும் முதலில், தன்னைக் கட்டுகிற மெஷினிடம் 'நீ பெரியவரா?' என்று கேட்கும். ஆமென்றால் சென்சாரைச் சேர்த்துக் கட்டும். உள்ளே கை இருந்தால் பிரஸ் இறங்காது. வேறு எந்தப் பேர் வந்தாலும், யாரோ ஒருவர் லேப்டாப் என்று எண்ணி சென்சாரை விட்டுவிடும்.

"சார், பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே அண்ணனின் எண்ணைத் தட்டினாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

"அண்ணா! மெஷின் பக்கம் போயிடாதே!"

"அண்ணன்கூட வேலை செய்யறவன்மா நான். பக்கத்துலதான் இருக்காரு, நினைவோடதான் இருக்காரு" என்றது பழக்கமில்லாத குரல். அவளுக்கு உயிர் வந்தது.

"ஃபோனை அவர் கையில குடுங்க!"



"வேணாம்மா... அவர் காதுல நானே பிடிச்சுக்கறேன்."