பீப்பாய் மேல் குண்டு

ரஷ்யத் துறைமுகமான செவஸ்தபோலில் கிரிமியப் போர் ஓய்ந்தபின் வரும் முதல் இலையுதிர்காலம். கூரையில்லாத வீட்டுக்குள் சாம்பல் வெளிச்சம் நேராக விழுகிறது. மாலுமியின் விதவை உஸ்தீனியா, உப்பிட்ட முட்டைக்கோஸைப் பீப்பாயில் அமுக்கி, பலகையால் மூடி, பாரத்துக்கு ஒரு பீரங்கிக் குண்டைத் தூக்கி வைக்கிறாள். கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து அவள் கணவனைக் கொன்ற குண்டு. "வேற கல்லே கெடைக்கலியாடி?" என்கிறாள் பக்கத்து வீட்டுக் கிளாஃபிரா. "இதுதான்க்கா நல்ல கனம்." பலகையின் ஓரத்தில் உப்புநீர் மெல்லக் கசிகிறது. கிளாஃபிரா அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "ஏசு பொறந்த பெத்லகேம் கோயில் சாவி யாருக்குங்கறதுலதான் இந்தச் சண்டையே மூண்டுச்சாம். கடைசியில சாவி யாருக்குக் கெடைச்சுதாம்?" உஸ்தீனியா கையைப் பாவாடையில் துடைக்கிறாள்; இடுப்புக் கயிற்றில் ஒரு சாவி ஆடுகிறது. "யாருக்குக் கெடைச்சா என்ன. எங்கிட்டயுந்தான் ஒண்ணு இருக்கு. கதவுதான் இல்ல."