காலுறையில் ஒட்டிய கண்

நண்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. நடுவே கத்தரிக்கோல், மூடாத பசைப் புட்டி, சிக்கலான கம்பளி நூல். இறந்துபோன அம்மாவின் நீலக் காலுறை ஒன்றில் மகள் இரண்டு சட்டைப் பொத்தான்களைக் கண்ணாக ஒட்டி, காயட்டும் என்று ஊதிக்கொண்டிருக்கிறாள். அப்பா தலைமுடிக்கு நூல் வெட்டித் தருகிறான். ஒத்தாசைக்கு வந்திருக்கும் அவன் அக்கா, இறந்தவளின் அலமாரியைத் துடைத்து வழித்த கையோடு, பிதுங்கும் குப்பைப் பையை இழுத்துக்கொண்டு வருகிறாள். காலுறையைப் பார்த்ததும் வெடுக்கென்று பிடுங்குகிறாள். ஈரப் பொத்தான் ஒன்று கழன்று தரையில் உருள்கிறது. "செத்தவ சாமானை வெச்சு என்னடி விளையாட்டு? உங்கப்பன் எப்படித் தேறுவான்?" "குடுங்க அத்தை! அது அம்மா!" என்று மகள் வீறிடுகிறாள். புடவைகள் பைக்குள் போனபோதும் செருப்புகள் போனபோதும் மரக்கட்டைபோல் தலையாட்டியவன் அவன். இப்போது காதுமடல் வரை கொதிக்கிறது. எழுந்து, அக்காவின் விரல்களைப் பிரித்துக் காலுறையை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொள்கிறான். ஒற்றைக்கண் பொம்மை அவள் மூக்குக்கு நேரே வாயைப் பிளந்து, இறந்தவளாகவே பேசுகிறது. "என்னைக் கேக்காம என் அலமாரியை எப்படித் தொறந்தீங்க, அண்ணி? எடுத்ததையெல்லாம் அப்படியே திருப்பி வைங்க." அக்காவின் பிடி தளர்ந்து பை சரிகிறது; பச்சைப் புடவையின் முந்தானை வெளியே வழிகிறது. அதை எடுக்க ஒருவரும் குனியவில்லை. அவன் கை மட்டும் ஆத்திரத்தில் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. மேசைக்கடியிலிருந்து பொத்தானோடு வரும் மகள், பொம்மையின் கழுத்தை இறுகப் பிடிக்கிறாள். "ஆடாம இரும்மா. கண்ணு ஒட்டணும்."