ஏற்றுமதித் தரம்

உலக வர்த்தகப் பாடத்தை நேரில் காட்டுவதற்காகப் பத்தாம் வகுப்பைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார்கள். பெற்றோர்களும் பட்டும் நகையுமாகக் கூடவே வந்திருந்தார்கள். ஏற்றுமதியாகப் போகும் சரக்கே பிள்ளைகள்தானே!

தரப் பரிசோதனை இயந்திரத்துக்குள் ஒவ்வொருவராக நுழைந்தார்கள். பச்சை விளக்கு எரிந்தால் சட்டைக் காலரில் ஒரு நாட்டின் ஸ்டிக்கர் ஒட்டப்படும். கிளாட்வினுக்கு ஜெர்மனி விழுந்ததும் அவன் அப்பா அங்கேயே எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

அடுத்து பெனிட்டா. இயந்திரத்துக்குள் நின்றபடி திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், எல்லாரையும் அனுப்பிட்டா நம்ம ஊர்ல யாரு இருப்பா?"

சட்டென்று சிவப்பு விளக்கு எரிந்தது. "ஏற்றுமதிக்கு உகந்ததல்ல. கேள்வி கேட்கிறது" என்றது இயந்திரம்.

"சிலபஸ்ல இல்லாததக் கேக்காதன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?" என்று டீச்சர் பல்லைக் கடித்தார்.

பஸ் ஸ்டாப் வரை அம்மா அழுதுகொண்டே வந்தாள். "இனிமே தெருவுல எப்படிட்டி தல நிமிந்து நடப்பேன்?"

பெனிட்டா அம்மாவின் பட்டுச் சேலையைப் பார்த்தாள். நடைபாதைக் கடைக் குவியலில் நாலு பேரை இடித்துத் தள்ளிவிட்டு அம்மா பிடுங்கி வந்தது அது.

"துணின்னா மட்டும் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டுன்னு அடிச்சுப் பிடிச்சு வாங்குத. பிள்ளைன்னா எதுக்கும்மா அழுவுத?"