பல்லி சொன்ன கவிதை

டியூப்லைட் ஓரமாக இருந்த பெண் பல்லிக்கு ஓர் ஆண் பல்லி காதல் கவிதை சொன்னது. மூன்று நாள் யோசித்ததாம். சுமாராகத்தான் இருந்தது.

கீழே பூவிழிக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். "நல்ல இடம்தான்" என்று அவள் அப்பா சொல்லவும், மேலே கவிதை "ச்சு ச்சு" என்று கேட்டது.

"பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு!" அப்பா தரையைத் தட்டிவிட்டு நிச்சயத்துக்குத் தேதியே குறித்துவிட்டார். பூவிழி வேணாம் வேணாம் என்றதை யாரும் காதில் வாங்கவில்லை.

"கவிதை எப்படி?" என்றது ஆண் பல்லி.

"அந்தப் பொண்ணு அழுவுறாடா."

"அதை விடு. என்னைப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்கலைன்னு சொன்னா நீயாச்சும் கேப்பியா?"

ஆண் பல்லி தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாவது கவிதையை ஆரம்பித்தது.